அவுட்புட் ஏன் பாதியில் நிற்கிறது? அக்காவின் சர்க்யூட் டிப்ஸ்

தங்கச்சி, ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி இதுதான்: "அக்கா, கெயின் கணக்கு சரி, வயரிங் சரி, ஆனா அவுட்புட் ஒரு அளவுக்கு மேல ஏறவே மாட்டேங்குது." எடை மெஷினுக்கு லோடு செல், இசிஜி, மோட்டார் கரன்ட் என்று ப்ராஜெக்ட் மாறும். நடுவில் உட்கார்ந்திருப்பது ஒரு இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர். அடுத்த வாக்கியமும் மாறாது: "ஐசி போயிடுச்சு போல, ரிச்சி ஸ்ட்ரீட் போய் இன்னொண்ணு வாங்கிடவா?"

வாங்காதே. முதலில் மீட்டரை எடு. பத்தில் எட்டு தடவை ஐசி நன்றாகவே இருக்கும். அது வேலை செய்ய வோல்ட்டேஜில் கொஞ்சம் இடம் வேண்டும், அந்த இடத்தை நாம் கொடுத்திருக்க மாட்டோம். இடம் எந்தப் பக்கம் போதவில்லை என்று கண்டுபிடித்துவிட்டால் மீதி ஒரு ரெசிஸ்டர் விஷயம்.

நிற்கும் எண்ணை எழுதிக்கொள்

அவுட்புட் எந்த வோல்ட்டில் நிற்கிறது? "மூணு சொச்சம்" என்று சொல்லாதே. 3.79 என்றால் நோட்டில் 3.79 என்றே எழுது. ஆர்டுயினோ ஊனோவில் போட்டிருந்தால் சீரியல் மானிட்டரில் எண் 777 பக்கம் ஏறி அப்படியே உட்கார்ந்துவிடும். 5 வோல்ட்டுக்கு 1023 என்றால் 777 என்பது 3.8 வோல்ட். உன் ஐசி ஏடி620 என்று வைத்துக்கொள்; இப்போது அதன் டேட்டாஷீட்டில் அவுட்புட் ஸ்விங் வரியைப் பார். குறைந்த சப்ளையில் மேல் பக்கம் சப்ளைக்கு 1.2 வோல்ட் கீழேயும், கீழ்ப் பக்கம் 1.1 வோல்ட் மேலேயும் நின்றுவிடும் என்று போட்டிருக்கும். 5-இல் 1.2 போனால் 3.8. சொன்னபடிதான் நடக்கிறது, பழுது ஏதும் இல்லை.

கீழ்ப் பக்கத்தை எல்லோரும் மறக்கிறார்கள். 10 கிலோ லோடு செல், 2 மில்லிவோல்ட் பர் வோல்ட், 5 வோல்ட் எக்ஸைட்டேஷன் என்று வைத்துக்கொள். முழு எடைக்கு 10 மில்லிவோல்ட், அதாவது கிலோவுக்கு 1 மில்லிவோல்ட். ஏடி620-க்குக் கெயின் = 1 + (49.4 கிலோ ஓம் ÷ ஆர்ஜி), ஆர்ஜி என்பது கெயினைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர். 100 ஓம் போட்டால் 495. கிலோவுக்கு அரை வோல்ட் வரும், 10 கிலோவுக்கு 5 வோல்ட், அளவெடுத்து தைத்த மாதிரி இருக்கிறது என்று சந்தோஷப்படுவாய். ஆனால் ஒற்றை 5 வோல்ட் சப்ளையில் அவுட்புட் தொடங்கும் இடத்தைச் சொல்லும் ரெஃப் பின்னைக் கிரவுண்டில் போட்டிருந்தால், முதல் இரண்டு கிலோவை வைத்தாலும் எண் நகராது. அவுட்புட்டால் 1.1-க்குக் கீழே இறங்க முடியாது அல்லவா? எட்டுக் கிலோ நெருங்கும்போது மேலே முட்டிக்கொள்ளும். மேலே முட்டுவதைப் பற்றி மட்டும் எனக்குப் போன் வரும். கீழே எண் நகராததை "லோடு செல் சரியில்லை" என்று எழுதி மூடிவிடுகிறார்கள்.

அளக்கும்போது ஒன்று. சப்ளையை ப்ரெட்போர்டு ஓரத்தில் அளக்காதே. ப்ரோபை ஐசியின் 7-வது பின்னிலும் 4-வது பின்னிலும் நேராக வை. யுஎஸ்பியிலிருந்து வரும் "5 வோல்ட்" அங்கே 4.6 ஆக இருக்கலாம். அந்த 0.4 உன் கணக்கில் இல்லை, ஐசியின் கணக்கில் இருக்கிறது.

வெளியே தெரியாத சுவர்

இனி சொல்வதுதான் முக்கியம். அவுட்புட் சப்ளை எல்லைக்கு அருகில்கூடப் போகவில்லை, ஆனாலும் நிற்கிறது. 5 வோல்ட் சப்ளையில் 2 வோல்ட்டிலேயே நின்றுவிட்டது என்றால் என்ன செய்வாய்?

இந்த ஐசிக்குள் பொதுவாக மூன்று ஆம்ப்கள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. இரண்டு இன்புட்டுக்கும் பொதுவாக உள்ள வோல்ட்டேஜை, அதாவது காமன் மோடு வோல்ட்டேஜை, முன்னால் உள்ளவை பெருக்காமல் அப்படியே கடத்தும். வித்தியாசத்தை மட்டும் பெருக்கி, பாதியை ஒன்று மேலே தூக்கும், பாதியை மற்றது கீழே இறக்கும். கடைசி ஆம்ப் இந்த இரண்டையும் கழித்து உனக்குக் கொடுக்கும். நீ பார்ப்பது கழித்த பிறகு வரும் வோல்ட்டேஜை. முன்னால் உள்ள இரண்டின் அவுட்புட் எந்தப் பின்னிலும் வராது, மீட்டரை வைக்க இடமே இல்லை. முட்டிக்கொள்வது அங்கே.

ஊஞ்சலைக் கூடத்தின் நடுவில் கட்டினால் இரண்டு பக்கமும் தாராளமாக ஆடும். ஒரு சுவரை ஒட்டிக் கட்டினால் அந்தப் பக்கம் எவ்வளவு இடமோ அவ்வளவுதான் ஆட்டம். காமன் மோடு வோல்ட்டேஜ்தான் நீ ஊஞ்சல் கட்டும் இடம். கீழ்ச் சுவர் கிரவுண்ட், மேல் சுவர் சப்ளை.

எண்ணில் போட்டுப் பார். ஐஎன்ஏ333, 3.3 வோல்ட் சப்ளை. அவுட்புட் இரண்டு எல்லைக்கும் 50 மில்லிவோல்ட் அருகில் வரை போகும் நல்ல ஐசி. கரன்ட்டைக் குறைக்க லோடு செல்லின் பிரிட்ஜுக்கு மேலே ஒரு சீரீஸ் ரெசிஸ்டர் போட்டிருக்கிறாய், பிரிட்ஜுக்குக் கிடைப்பது 1.6 வோல்ட், அதன் கீழ் முனை கிரவுண்டில். இரண்டு இன்புட்டும் 0.8 வோல்ட் பக்கம் இருக்கும். உள்ளே ஒரு ஆம்ப் கீழே இறங்க இருக்கும் இடம் 0.8 மட்டுமே. அது பாதிப் பங்கு. ஆக அவுட்புட், ரெஃபிலிருந்து அதிகபட்சம் 1.6 வோல்ட் நகரலாம், நிஜத்தில் அதற்கும் சற்றுக் குறைவாக. ரெஃப் கிரவுண்டில் இருந்தால் 1.6-இல் நிற்கும். 3.3 வரை வரும் என்று நீ காத்திருப்பாய், ஆர்ஜியைக் குறைத்துக் குறைத்துப் பார்ப்பாய், அசையாது. கெயினை ஏற்ற ஏற்ற இன்னும் குறைந்த எடையிலேயே அதே 1.6-இல் போய் முட்டும்.

சரிசெய்ய ஒரு பைசா செலவில்லை. அந்த சீரீஸ் ரெசிஸ்டரை இரண்டாகப் பிரி. பாதி மதிப்பை மேலே, பாதி மதிப்பைக் கீழே போடு. பிரிட்ஜில் பாயும் கரன்ட் அதே, சிக்னல் அதே. இன்புட் இரண்டும் 1.65-க்கு வந்துவிடும், நடுக்கூடத்துக்கு. அவுட்புட் மேலே வரை போகும். இதைச் செய்து எண் ஏறுவதைப் பார்த்தவள் பிறகு காமன் மோடை மறக்கவே மாட்டாள்.

ஏடி620, ஐஎன்ஏ128 மாதிரிப் பழைய பைபோலார் ஐசிகளில் இன்னும் ஒரு சிக்கல். இன்புட்டில் என்பிஎன் டிரான்சிஸ்டர் இருப்பதால் முன்னால் உள்ள ஆம்ப்களின் அவுட்புட், இன்புட்டைவிட ஏறக்குறைய ஒரு வோல்ட் கீழே தங்கும். இன்புட்டை 2.5-இல் வைத்தும் உள்ளே நடு இடம் அதைவிடக் கீழே போய்விடுகிறது. அதனால்தான் ஒற்றை 5 வோல்ட்டில் ஏடி620, ரெஃப் கிரவுண்டில் இருந்தால், 3.8-ஐக்கூடப் பார்க்காமல் முன்பே நின்றுவிடலாம். ஏடி623 இதற்கு நேர்மாறு. அதில் பிஎன்பி டிரான்சிஸ்டர் சிக்னலைச் சுமார் 0.6 வோல்ட் மேலே தூக்கிவிடும். ஆகவே கிரவுண்டை ஒட்டிய சிக்னலுக்கு ஒற்றை சப்ளையில் அதைப் போடலாம். மோட்டாரின் கிரவுண்ட் பக்கம் ஷன்ட் வைத்துக் கரன்ட் அளக்கும் தங்கச்சிமார்கள் இதைக் கவனியுங்கள். 12 வோல்ட் ஒற்றை சப்ளையில் ஐஎன்ஏ128 போட்டாலும் ஷன்ட் இருப்பது கிரவுண்டில்தான். அந்த ஐசியோ இன்புட் இரண்டு சப்ளையிலிருந்தும் சுமார் 2 வோல்ட் தள்ளி இருக்க வேண்டும் என்கிறது. ஆர்ஜியை எப்படி மாற்றினாலும் பலன் வராது.

எந்த எல்லை முட்டுகிறது என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. முதலில் ஆர்டுயினோ வயரைக் கழற்றிவிடு. எக்ஸைட்டேஷனை 5 வோல்ட்டிலேயே வைத்துக்கொண்டு, ஐசியின் சப்ளையை மட்டும் லேப் பவர் சப்ளையிலிருந்து 5-இலிருந்து 6-க்கு ஏற்று. நிற்கும் எண்ணும் ஒரு வோல்ட் ஏறினால் முட்டுவது மேல் எல்லை. எண் அசையாமல் இருந்தால் முட்டுவது உள்ளே, கீழ்ச் சுவரில். ஏடி620, ஐஎன்ஏ128-க்கு இது பாதுகாப்பானது. ஐஎன்ஏ333-க்குச் செய்துவிடாதே, அது 5.5 வோல்ட் சப்ளை வரைதான் ஓட வேண்டியது.

டேட்டாஷீட்டில் "இன்புட் காமன் மோடு, அவுட்புட் வோல்ட்டேஜ்" என்று இரண்டு அச்சில் அறுகோணம் போல ஒரு படம் இருக்கும். மாணவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். உன் காமன் மோடு, உன் அவுட்புட் இரண்டையும் அந்தப் படத்தில் ஒரு புள்ளியாக வை. புள்ளி கோட்டுக்கு வெளியே விழுந்தால் அந்த சர்க்யூட் வேலை செய்யாது. அனலாக் டிவைசஸ் தளத்தில் இதையே வரைந்து காட்டும் டைமண்ட் பிளாட் டூல் இருக்கிறது, ஐசி பெயரும் சப்ளையும் கொடுத்தால் போதும். ப்ராஜெக்ட் தொடங்கும் முன்பே பார்த்துவிடு.

பயப்பட வேண்டியது வேறு ஒன்று. இன்புட் இரண்டும் அளவு மீறி மேலே போய் முன்னால் உள்ள ஆம்ப் இரண்டும் ஒரே எல்லையில் முட்டினால், கழித்துப் பார்க்கும்போது பூஜ்யம் வரும். அவுட்புட் ரெஃப் வோல்ட்டேஜில் சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், சிக்னலே இல்லாத மாதிரி. ஐஎன்ஏ128 டேட்டாஷீட்டிலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. ஆகவே அவுட்புட்டை மட்டும் பார்த்து எல்லாம் சரி என்று முடிவுகட்டாதே. 2-வது பின், 3-வது பின் இரண்டையும் தனித்தனியாகக் கிரவுண்டிலிருந்து அளந்து எழுது. இரண்டுக்கும் நடுவில் மட்டும் மீட்டரை வைத்தால் வித்தியாசம் தெரியும், ஊஞ்சல் எங்கே கட்டியிருக்கிறது என்பது தெரியாது.

ரெஃப் பின்னை அலட்சியம் செய்யாதே

5-வது பின். அவுட்புட் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று ஐசிக்குச் சொல்வது இதுதான். ஒற்றை சப்ளையில் இதைத் தூக்கி வைக்க வேண்டும். தூக்குவதற்கு இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை டிவைடராகப் போட்டு நேராகச் செருகிவிடுவார்கள். ஏடி620 உள்ளே ரெஃப் பின்னில் இருப்பதும் 10 கிலோ ஓம்தான், கச்சிதமாகப் பொருத்திய நான்கில் ஒன்று. டிவைடர் அதோடு சுமார் 5 கிலோ ஓமைச் சேர்த்துவிடும். பொருத்தம் கெட்டு, காமன் மோடை ஒதுக்கும் திறன் சரிந்துவிடும், கெயினும் தப்பும். எடை வைக்கும்போது 5-வது பின்னில் மீட்டரை வைத்துப் பார். அங்கே வோல்ட்டேஜ் நகர்ந்தால் டிவைடர்தான் குற்றவாளி. நடுவில் ஒரு எல்எம்358-ஐ பஃபராகப் போடு. அதுவும் 5 வோல்ட் சப்ளையில் 3.5 வரைதான் போகும், ஆனால் 2 வோல்ட் கொடுக்க அது போதும்.

அந்த லோடு செல்லுக்கு நானாக இருந்தால் ஒற்றை சப்ளையில் இப்படிச் செய்வேன்: ரெஃப் 2 வோல்ட், ஆர்ஜி 330 ஓம், கெயின் சுமார் 150. காலியாக 2.0, பத்துக் கிலோவுக்கு 3.5. இரண்டு எல்லையையும் தொடாது. ஆனால் ஆர்டுயினோவில் 10 கிலோவுக்கு 300 சொச்சம் படிகள்தான் கிடைக்கும், படிக்கு 33 கிராம். காய்கறி எடைக்கு இது பத்தாது. துல்லியம் வேண்டுமானால் சப்ளையை மாற்று, அல்லது லோடு செல்லுக்கென்றே உள்ள எச்எக்ஸ்711 ஐசியைப் போடு. அதற்கும் காமன் மோடு எல்லை உண்டு, கிரவுண்டுக்கு 1.2 வோல்ட் மேல், சப்ளைக்கு 1.3 வோல்ட் கீழ். 5 வோல்ட்டில் நிற்கும் பிரிட்ஜுக்கு இயல்பாகவே அது பொருந்திவிடும்.

தொங்கும் இன்புட்

பவர் போட்டவுடன் அவுட்புட் சரியாக இருந்து, சில விநாடிகளில் மெல்ல நகர்ந்து ஒரு எல்லையில் போய் ஒட்டிக்கொள்கிறதா? வயரை விரலால் தொட்டால் எண் குதிக்கிறதா? இன்புட்டுக்குக் கிரவுண்டு வழி இல்லை என்று அர்த்தம். தெர்மோகப்பிள், டிரான்ஸ்ஃபார்மர், கெபாசிட்டர் வழியாக வரும் மைக் எல்லாவற்றிலும் இது நடக்கும். ஐசியின் இன்புட்டுக்குள் நானோ ஆம்பியர் அளவில் கரன்ட் பாய்ந்தாக வேண்டும், திரும்ப வழி இல்லாவிட்டால் வோல்ட்டேஜ் ஏறிக்கொண்டே போகும். தெர்மோகப்பிளின் ஒரு முனையிலிருந்து 10 கிலோ ஓம் போதும். மைக்குக்கு இரண்டு இன்புட்டிலிருந்தும் சமமாக 100 கிலோ ஓம். ஒற்றை சப்ளை என்றால் இந்த ரெசிஸ்டரைக் கிரவுண்டில் கட்டாதே, நடு வோல்ட்டேஜில் கட்டு. ஏடி620-இன் இன்புட் கீழ் சப்ளைக்கு 1.9 வோல்ட் மேலே இருந்தாக வேண்டும். கிரவுண்டில் கட்டினால் ஒரு தப்பைத் திருத்த இன்னொரு தப்பு.

இசிஜி செய்பவளுக்கு

இதயத்திலிருந்து வரும் சிக்னல் ஒரு மில்லிவோல்ட் அளவு. அதைப் பெருக்க முதலிலேயே கெயின் 500 வைப்பாள், அவுட்புட் ஒரு ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். காரணம் தோலும் எலக்ட்ரோடும் சேர்ந்து தரும் டிசி. இசிஜி கருவிகளுக்கான தரநிலைகள் ±300 மில்லிவோல்ட் வரை தாங்கச் சொல்கின்றன. 300 மில்லிவோல்ட்டை 500-ஆல் பெருக்கினால் 150 வோல்ட். இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஏடி620 தருவது ±7.6. ஆகவே முதல் நிலையில் கெயின் 10-க்குப் பக்கம் வை, 5.6 கிலோ ஓம் சரியாக இருக்கும். பிறகு ஹை பாஸ் ஃபில்டரால் டிசியை வெட்டு, மீதிக் கெயினை அதற்குப் பின்னால் எடு. பேட்டரி இரண்டையும் தனித்தனியாக அளந்து பார்; ஒன்று இறங்கியிருந்தால் அலை ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்படும். ஒரு மனிதர் உடம்பில் எலக்ட்ரோடு இருக்கும்வரை எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும், லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடு. இதில் சமரசமே கிடையாது.

சின்னச் சின்னவை. ஆர்ஜியின் கால் ப்ரெட்போர்டில் சரியாக உட்காராவிட்டால் கெயின் 1 ஆகிவிடும், அவுட்புட் ரெஃபைவிட்டு நகராது. பழுப்பு-கருப்பு-பழுப்பு 100 ஓம், பழுப்பு-கருப்பு-சிவப்பு 1 கிலோ ஓம். ட்யூப் லைட்டில் இரண்டும் ஒன்று போலத் தெரியும், மீட்டரில் பார்த்துப் போடு. சப்ளை பின்கள் இரண்டுக்கும் பக்கத்திலேயே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் வேண்டும். நீளக் கேபிளை அவுட்புட்டில் கட்டினால் ஆம்ப் ஆசிலேட் ஆகலாம், மீட்டர் சராசரியைக் காட்டி உன்னை ஏமாற்றும். ஸ்கோப்பில் பார்த்தால்தான் தெரியும். வேகமான சிக்னல் என்றால் ஏடி620-இன் ஸ்லூ ரேட் மைக்ரோ விநாடிக்கு 1.2 வோல்ட்தான், 50 கிலோஹெர்ட்ஸில் 5 வோல்ட் உச்சமுள்ள சைன் அலை முக்கோணமாகிவிடும். மொபைலைப் பக்கத்தில் கொண்டுபோகும்போது டிசி நகர்ந்தால் இன்புட்டில் ஆர்எஃப் ஃபில்டர் இல்லை.

சென்சாரா, ஆம்ப்பா?

இன்னும் சந்தேகம் இருந்தால் லோடு செல்லைக் கழற்றிவிடு. முதலில் இரண்டு இன்புட்டையும் ஒன்றாகக் கட்டி 2.5 வோல்ட்டில் வை. அவுட்புட் ரெஃப் வோல்ட்டேஜில் இருக்க வேண்டும். ஏ கிரேடு ஏடி620-இன் இன்புட் ஆஃப்செட் அதிகபட்சம் 125 மைக்ரோவோல்ட், கெயின் 150-க்கு அது 19 மில்லிவோல்ட்; அவ்வளவு தள்ளி இருந்தால் குற்றமில்லை. பிறகு பொய் பிரிட்ஜ் ஒன்று கட்டு: 5 வோல்ட்டிலிருந்து கிரவுண்டுக்கு 4.7 கிலோ ஓம், 10 ஓம், 4.7 கிலோ ஓம் என வரிசையாக. 10 ஓமின் இரண்டு முனையிலும் இன்புட்டுகள். அங்கே கிடைப்பது 5.3 மில்லிவோல்ட், காமன் மோடு சரியாக 2.5. ரெஃப் 2 வோல்ட், கெயின் 150 என்றால் அவுட்புட் 0.8 வோல்ட் ஏறி 2.8 காட்ட வேண்டும். இன்புட்டை மாற்றிக் கட்டினால் 1.2-க்கு இறங்க வேண்டும். இந்த மூன்று எண்ணும் வந்துவிட்டால் ஆம்ப் சரி, குறை லோடு செல்லிலோ அதன் வயரிலோ. வராவிட்டால் மட்டும் ஐசியைச் சந்தேகப்படு.

ஏடி620-ஐயே வைத்துக்கொண்டு முழு வீச்சும் வேண்டும் என்றால் ஐசிஎல்7660 ஒன்றும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இரண்டும் வாங்கி 5 வோல்ட்டிலிருந்து மைனஸ் 5 உண்டாக்கு. ஏடி620 இழுப்பது ஒரு மில்லி ஆம்பியர் பக்கம், அதற்கு இது தாராளம். கீழ்ச் சுவர் தள்ளிப் போய்விடும், ரெஃபைக் கிரவுண்டிலேயே வைக்கலாம், அவுட்புட் பூஜ்யத்திலிருந்து 3.8 வரை வரும். கெயினை அதற்கேற்ப 370 பக்கம் வை, ஆர்ஜி 133 ஓம். 100-ஐயும் 33-ஐயும் வரிசையாகப் போட்டுக்கொள். ஆனால் இப்போது அவுட்புட் மைனஸுக்கும் போகக்கூடும், லோடு செல் வயர் மாறிப் போனால் ஆர்டுயினோவின் அனலாக் பின்னுக்கு மைனஸ் 3 வோல்ட் போகும். நடுவில் 4.7 கிலோ ஓம் ஒன்றும், பின்னிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ஷாட்கி டயோடும் போட்டுவிட்டு, அப்புறம் பவர் போடு.